மெயில் ஃபோல்டர் மாறினாலும் அதே மெயில்தான்னு கண்டுபிடிக்கிறது எப்படி

குலசேகரத்துல ரப்பர் ஷீட் யாவாரம் பண்ற அத்தானுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தேன், மெயில்ல எந்த ஃபோல்டர்ல புது பில் வந்தாலும் எடுத்து கணக்குல ஏத்தும், நல்லாதான் ஓடிச்சு, ஒருநாள் அத்தான் போன்ல இருந்து அம்பது மெயிலை 'பில்'னு ஒரு ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டாரு, அம்பதும் ரெண்டாவது தடவை ஏறிருச்சு. "குடுக்கவேண்டியது ரெண்டு மடங்கு காட்டுகே மக்கா"ன்னு ராத்திரி போன். தப்பு என்மேலதான், யூஐடியை (மெயிலுக்கு சர்வர் போடுற நம்பர்) மட்டும் நம்பிட்டேன்.

ஐமேப்ல (சர்வர்ல இருக்கிற மெயிலை ஆப்பும் ஸ்கிரிப்டும் படிக்கிற முறை) யூஐடி ஒரு ஃபோல்டருக்குள்ள மட்டும்தான் செல்லும். ஸ்கூல் ரோல் நம்பர் மாதிரி. மார்த்தாண்டத்துல டிசி வாங்கிட்டு தக்கலைல சேந்தா ரோல் நம்பர் புதுசு, எமிஸ் நம்பர் (மாணவருக்கு அரசு குடுக்கிற நம்பர்) பழசேதான்.

அதனால ஃபோல்டர் பேரு, யூஐடிவேலிடிட்டி (ஃபோல்டரோட யூஐடிங்க இன்னும் செல்லுமான்னு காட்ட சர்வர் குடுக்கிற நம்பர்), யூஐடி மூணையும் சேத்து சேவ் பண்ணுங்க. யூஐடிவேலிடிட்டி மாறிருச்சுன்னா அந்த ஃபோல்டரோட பழைய நம்பர் ஒண்ணும் செல்லாது. (1, 2, 3ன்னு வர்ற சீக்வன்ஸ் நம்பர் பக்கமே போகாதீங்க, நடுவுல ஒண்ணு அழிஞ்சா எல்லாம் நகந்துரும்.)

உங்க ஸ்கிரிப்டே மெயிலை வேற ஃபோல்டருக்கு மாத்துதுன்னா ஈசி. சர்வர்ல யூஐடிபிளஸ்ங்கிற கூடுதல் வசதி இருந்தா பதில்லயே 'காப்பியூஐடி 1698231045 412 37'ன்னு வரும். மொத நம்பர் போய்ச் சேர்ற ஃபோல்டரோட யூஐடிவேலிடிட்டி, 412 பழைய யூஐடி, 37 புதுசு. 2013ல வந்த மூவ் கமாண்ட் இருந்தா அதையே போடுங்க, இல்லாட்டி காப்பி, டெலீட்டட் ஃபிளாக் (அழிக்கணும்னு குறி), எக்ஸ்பஞ்ச் (குறி போட்டதை நிஜமா அழிக்கிறது)னு மூணு வேலை, நடுவுல நெட் போச்சுன்னா ரெண்டு காப்பி நிக்கும்.

சிக்கலே அத்தான் மாதிரி வேற ஆள் போன்ல மாத்தும்போதுதான். சர்வரோட கேப்பபிலிட்டில (என்னென்ன வசதி இருக்குன்னு சர்வர் சொல்ற லிஸ்ட்) ஆப்ஜெக்ட்ஐடி (2018ல வந்தது) இருக்கான்னு பாருங்க, இருந்தா ஈமெயில்ஐடியை (மெயில் அட்ரஸ் இல்ல, அந்த மெயிலுக்கு சர்வர் குடுக்கிற ஐடி) ஃபெட்ச் பண்ணுங்க, அதுதான் நம்ம எமிஸ் நம்பர். ஜிமெயில்னா எக்ஸ்-ஜிஎம்-எம்எஸ்ஜிஐடி, எத்தனை லேபிள் ஒட்டினாலும் அது மாறாது. ரெண்டும் இல்லியா, மெசேஜ்-ஐடி, சைஸ், இன்டர்னல்டேட் (சர்வருக்கு மெயில் வந்து சேந்த நேரம்) மூணும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும். மெசேஜ்-ஐடியை மட்டும் நம்பாதீங்க, அது அனுப்புற பக்கம் எழுதுறது, ஒரே மெயில் ரெண்டு காப்பி இருந்தா ரெண்டுலயும் அதேதான் இருக்கும்.

அப்புறம் ஒண்ணு, இன்பாக்ஸ்ல ஒரு யூஐடியைக் காணலைன்னதும் டெலீட்னு எழுதிராதீங்க, மத்த ஃபோல்டர்ல புதுசா வந்ததை எல்லாம் பாத்து முடிச்சு அப்பவும் ஆளைக் காணோம்னா எழுதுங்க.

அந்த அம்பதையும் நான் கையாலதான் அழிச்சேன், அத்தான் பக்கத்துல கட்டஞ்சாயாவோட உக்காந்து ஒவ்வொண்ணா டிக் போட்டாரு.