சிட்டி பாப் கேட்கத் தொடங்குவது எப்படி?

1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருவெடுத்து, 1980களின் செழிப்பில் தழைத்த சிட்டி பாப், கார் ஸ்டீரியோவும் 1979இல் சோனி கொண்டுவந்த வாக்மேனும் பாட்டை வீட்டுக்கு வெளியே அழைத்துச் சென்ற காலத்தின் இசை. ஆகவே அதைப் பயணத்தில் கேட்பதே பொருத்தம். வடசென்னைவாசிகளுக்கு அதற்குத் தோதான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: வண்ணாரப்பேட்டையில் விம்கோ நகர் மெட்ரோவில் ஏறி, தண்டையார்பேட்டையைத் தாண்டி ரயில் சுரங்கத்தை விட்டு மேலே வந்ததும், இரைச்சல் குறையும் அந்த இடத்தில் பாட்டைத் தொடங்குங்கள்.

கைபேசியின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். இந்த இசையின் உயிர் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டாரில் இருக்கிறது, சிறிய ஸ்பீக்கரில் முதலில் காணாமல் போவதும் அதுதான். இளையராஜாவின் பாட்டுகளைப் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் கேட்டு வளர்ந்த காதுக்கு, குரலுக்குக் கீழே தனிவழியில் நடக்கும் பேஸைப் பின்தொடரத் தனிப் பயிற்சி தேவையில்லை.

முதல் பாட்டாக மிகி மாட்சுபாரா 1979இல் பாடிய ‘மயோனகா நோ டோவா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை குரலை மட்டும், அடுத்த முறை பேஸை மட்டும், பிறகு வெட்டி வெட்டி விழும் கிட்டாரை மட்டும் கவனித்துக் கேட்டால், டெட்சுஜி ஹயாஷியின் இசையமைப்பு எவ்வளவு நுணுக்கமானது என்பது தானே விளங்கும். 2020இன் இறுதியில் டிக்டாக் வழியே இப்பாட்டு உலகெங்கும் பரவியபோது அதைக் காண மாட்சுபாரா உயிரோடு இல்லை. அவர் 2004இலேயே காலமாகிவிட்டார். அந்தக் குரலை அவசரமில்லாமல் முழுதாகக் கேட்பது நாம் செய்யக்கூடிய மரியாதை என்றே கருதுகிறேன்.

அடுத்தது மரியா டகேயுச்சியின் ‘பிளாஸ்டிக் லவ்’ (1984). அவருடைய கணவர் தட்சுரோ யமாஷிதா தயாரித்த இப்பாட்டை, யூடியூபின் பரிந்துரைகள் 2017க்குப் பின் கோடிக்கணக்கானோரிடம் கொண்டுசேர்த்தன. மெட்டு துள்ளினாலும், காதலில் காயப்பட்டு இனி அதை வெறும் விளையாட்டாகவே நடத்தத் துணிந்த ஒரு பெண்ணின் கதையை வரிகள் சொல்வதால், மொழிபெயர்ப்பை ஒருமுறை படித்துவிட்டுக் கேளுங்கள்.

பிறகு தனிப்பாட்டுகளை விட்டு முழு ஆல்பங்களுக்கு வாருங்கள்: எய்இச்சி ஓட்டாகியின் ‘எ லாங் வெக்கேஷன்’ (1981), அன்ரியின் ‘டைம்லி’ (1983). இந்தப் பாட்டுகளையே வேகத்தைக் கூட்டி வெட்டியொட்டிய ஃபியூச்சர் ஃபங்க் வடிவங்களை மூலப்பாட்டு மனதில் பதிந்த பின்னரே கேட்பது நல்லது. கனடியப் பாடகர் தி வீக்கெண்டின் ‘அவுட் ஆஃப் டைம்’ (2022) பாட்டையும், அது எடுத்தாண்ட டொமோகோ அரானின் 1983ஆம் ஆண்டுப் பாட்டான ‘மிட்நைட் பிரிடெண்டர்ஸை’யும் அடுத்தடுத்துக் கேட்கும்போதும், டொமோகோ அரானிலிருந்தே தொடங்குங்கள்.