வேர்ப்பூஞ்சை எல்லாம் ‘வேம்’ இல்லை

சேலத்தில் மரவள்ளி போடுகிறவர்களுக்கும் ஏற்காட்டில் காபி நாற்று வளர்ப்பவர்களுக்கும் ‘வேம்’ (VAM) என்ற உயிர் உரம் பழகிய பெயர். உயிர் உரக் கடையில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பக்கத்தில் அடுக்கியிருப்பதால் இதையும் பாக்டீரியா என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இது வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூஞ்சை. டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், ஆனால் அது மட்கைத் தின்றே பிழைக்கும். வேமுக்கு உயிருள்ள வேர் வேண்டும். அதனால் வேருக்கு எட்டாத இடத்தில் தூவினால் பயனில்லை. கரணைக்கு அடியில், நாற்றின் குழியில் இடுங்கள்.

அடுத்த தவறு பெரியது: வேரில் வாழும் பூஞ்சை எல்லாம் வேம்தான் என்று நினைப்பது. வேரில் எப்படிக் குடியிருக்கிறது என்பது ஒரு வகைப்பாடு. பூஞ்சை எந்தக் குலம் என்பது வேறொன்று. இரண்டையும் கலக்கக் கூடாது. வேம் வேரின் செல்லுக்குள் நுழைந்து மரம்போலக் கிளை விடும்; அதன் குலம் குளோமெரோமைகோட்டா. ஆர்க்கிட் வேரில் வாழ்வதும் செல்லுக்குள்தான் நுழைகிறது, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை காளான்களின் உறவு. தூசிபோன்ற ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு கிடையாது. காட்டில் அது முளைக்க அந்தப் பூஞ்சைதான் ஊட்ட வேண்டும். ஏற்காட்டு ஆர்க்கிட் பூங்காவைப் பார்த்த ஆசையில் வீட்டுத் தொட்டியில் ஆர்க்கிட் வைத்து வேம் தூவுகிறவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்: அங்கே அது வேலை செய்யாது.

பைன் மரத்தின் கதை வேறு. அங்கே பூஞ்சை வேர்நுனிக்கு உறைபோலப் போர்த்தி, செல்களின் இடைவெளியில் மட்டும் வலை பின்னும். மரத்தடியில் காளான் முளைப்பதும் இந்த வகையில்தான். வேம் காளான் விடாது. தோட்டத்தில் காளான் குடை கண்டதும் ‘வேம் பிடித்துவிட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள். வேரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் பெயர்க் குழப்பம். ‘வேம்’ (VAM) என்பதன் முதல் எழுத்தான V, வேருக்குள் உருவாகும் சிறு பைகளைக் குறிக்கிறது. இதே குலத்து ஜிகாஸ்போரா போன்ற பூஞ்சைகள் அந்தப் பைகளை உண்டாக்குவதில்லை. அதனால் ஆய்வாளர்கள் அந்த எழுத்தை விட்டுவிட்டு ‘ஏ.எம்.’ (AM) என்கிறார்கள். வேம் பாக்கெட்டில் பூஞ்சையின் பெயர் குளோமஸ் இன்ட்ராரேடிசஸ் என்று இருந்தது ரைசோபேகஸ் என்று மாறியிருந்தால் சரக்கு மாறிவிட்டதாகப் பதறவும் வேண்டாம். மரபணு ஆய்வுக்குப் பின் பேரினம் மாற்றப்பட்டது, அவ்வளவுதான். ரைசோபேகஸ் என்றால் ‘வேர்தின்னி’ என்று பொருள், ஆனால் அது வேரைத் தின்பதில்லை. மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, செடியிடம் மாவுச்சத்தின் மூலப்பொருளான சர்க்கரையையும் கொழுப்பையும் பெற்றுக்கொள்கிறது.

முட்டைக்கோஸ், கடுகுக்கு வேம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். அந்தக் குடும்பம் இந்தக் கூட்டில் பெரும்பாலும் சேருவதே இல்லை.