டூ வீல் டிரைவ் பிக்கப்பை ஃபோர் வீல் ஆக்குகிறீர்களா? உயரத்தில் ஆரம்பிக்காதீர்கள்

பிக்கப்பை ஃபோர் வீல் டிரைவாக மாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் 33 அங்குல டயரும்தான். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஆனால் முன் டிஃபரன்ஷியல் (ஷாஃப்ட்டின் சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் பெட்டி) எங்கே உட்காரப் போகிறது, அதற்கு வரும் ஷாஃப்ட் எந்தச் சாய்வில் ஓடப் போகிறது என்பது முடிவாகாமல் எத்தனை அங்குலம் தூக்குவது என்று சொல்லவே முடியாது. இந்த வரிசை தலைகீழாகப் போனதாலேயே பாதியில் நின்று துருப்பிடிக்கும் நல்ல வண்டிகளைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

எனவே முதல் வேலை, சேசிஸுக்கு அடியில் படுத்துப் பார்ப்பது. ஒரே பெயர், ஒரே வருடம் என்றாலும் டூ வீல் டிரைவ் வண்டியின் சேசிஸ் முன்பக்கம் வேறாக இருக்கலாம். முன் டிஃபரன்ஷியலைப் பிடிக்கும் பிராக்கெட்டுகள் இருக்காது, சஸ்பென்ஷன் ஆர்ம் மாட்டும் இடமும் மாறியிருக்கும். டொயோட்டா டகோமாவில் ப்ரீரன்னர் என்று ஒன்று வந்தது. அது டூ வீல் டிரைவ்தான், ஆனாலும் ஃபோர் வீல் வண்டியின் உயரமும் சஸ்பென்ஷனும் அதற்கு உண்டு. அந்த மாதிரி வண்டி கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் டேப்பை எடுத்து அளந்தே ஆகவேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பை மறந்துவிடாதீர்கள். டூ வீல் வண்டியின் சம்ப் தொங்கும் இடத்தில்தான் பல மாடல்களில் முன் டிஃபரன்ஷியல் வரவேண்டியிருக்கும்.

அடுத்த தவறு, பாகங்களை ஒவ்வொன்றாக வாங்குவது. கியர் பாக்ஸின் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸை வாங்கிய பிறகுதான் டூ வீல் கியர் பாக்ஸின் பின் ஷாஃப்ட் அதற்குப் பொருந்தாது என்று தெரியும். அதையும் மாற்றினால், முன் ஷாஃப்ட் இடப்பக்கம் வெளியே வரும், வாங்கி வைத்த ஆக்ஸிலின் டிஃபரன்ஷியலோ வலப்பக்கம் இருக்கும். அப்புறம் கிராஸ் மெம்பர், லீவர், ஹப், வேக சென்சார், வயரிங், இசியூ (வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி) என்று ஒவ்வொன்றுக்கும் அலைச்சல். விபத்தில் அடிபட்ட அதே மாடல் ஃபோர் வீல் வண்டியை முழுசாக வாங்கி, போல்ட் வரை கழற்றி எடுப்பதுதான் நிம்மதி. அப்படி ஒன்று கிடைக்கவில்லையென்றால், இருக்கும் வண்டியை விற்று ஃபோர் வீல் வண்டியாகவே வாங்குவது பல நேரங்களில் மலிவாக முடியும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் வழுக்கும் இடம் கிரவுன் பினியன் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்ற கணக்கு. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். பின்னால் 4.10, முன்னால் 3.73 என்று வையுங்கள். இரண்டு ஷாஃப்ட்டும் 41 சுற்று சுற்றும்போது பின்சக்கரம் 10 சுற்று சுற்றும், முன்சக்கரம் ஏறக்குறைய 11 சுற்று சுற்றப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். கெட்டித் தரையில் அது போக வழியில்லை. நண்பர் ஒருவரின் வண்டியில் இதை நேரில் பார்த்தேன். ஃபோர் வீல் லீவரைப் போட்டு மெதுவாக உருட்டியதும் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் திணறியது. திரும்ப டூ வீலுக்கு வர லீவர் அசையவே இல்லை. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்த பிறகுதான், ‘டங்’ என்று சத்தத்தோடு விட்டது. அப்படியே ஓட்டியிருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸோ யூ ஜாயிண்டோ போயிருக்கும்.

விகிதத்தைக் கையாலேயே எண்ணிவிடலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் போடுங்கள். பின்சக்கரத்தில் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, டயரை 20 சுற்று சுற்றுங்கள். மறுசக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், தூக்கிய டயரின் 20 சுற்று இரு சக்கரமும் சேர்ந்து 10 சுற்று சுற்றியதற்குச் சமம். எனவே இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கரோ லிமிட்டெட் ஸ்லிப்போ இல்லாத டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் 41 சுற்று வந்தால் 4.10, 43 வந்தால் 4.30. ஒன்றிரண்டு சுற்றோடு நிறுத்திவிட்டால் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபடாது. விகிதம் ஒத்துப்போனாலும், முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத பார்ட் டைம் அமைப்பைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டியிருக்கும்.

இனி உயரத்துக்கு வரலாம். பாடி லிஃப்ட் பாடியை மட்டுமே சேசிஸிலிருந்து தூக்கும். அடியில் கல்லில் இடிக்கும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். இரு பக்கச் சக்கரங்களும் ஒரே விறைப்பான ஆக்ஸிலில் இருக்கும் நேர் ஆக்ஸில் வண்டியில் சஸ்பென்ஷனைத் தூக்கினாலும் அதே கதைதான். ஆக்ஸிலை உயர்த்துவது டயர் ஒன்றுதான், அதுவும் டயர் உயரம் 2 அங்குலம் கூடினால் 1 அங்குலம். முன்பக்கம் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் இன்டிபெண்டென்ட் சஸ்பென்ஷன் என்றால் சும்மா தூக்கத் தூக்க, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்டின் சாய்வு ஏறும், அதன் ரப்பர் உறையான பூட் கிழியும், ஜாயிண்ட் போகும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் வைத்துத் தூக்குவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது அது முறுக்கி வெளியே வந்தால் ஸ்டியரிங் உங்கள் கையில் இல்லை.

பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்பதை வண்டி தரையில் நிற்கும்போது பார்த்துப் பயனில்லை. சேசிஸைத் தூக்கி, சக்கரங்கள் முழுக்கத் தொங்கும் நிலையில், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சுமையைப் பார்த்து அழுத்தத்தை மாற்றும் பிரேக் வால்வு இருந்தால், தூக்கிய வண்டியை அது காலி வண்டி என்று நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறைந்துவிடும். அதன் லீவரைச் சரிசெய்தே ஆகவேண்டும்.

31 அங்குல டயரிலிருந்து 33க்குப் போனால் 4.10 விகிதம் 3.85 போல நடந்துகொள்ளும், இழுவை குறையும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 64 கிலோமீட்டர் வேகத்தில் போவீர்கள். இதையும் சேர்த்து யோசித்து, முன் பின் இரண்டு கிரவுன் பினியனையும் ஒரே தடவையில் மாற்றுவது நல்லது.

பதிவுச் சான்றிலும் இன்ஷூரன்ஸிலும் மாற்றத்தைக் காட்ட முடியுமா என்று பாகம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெல்டிங் வைக்கும்முன் பேட்டரியைக் கழற்றுங்கள். எல்லாம் பூட்டி முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட், ஷாஃப்ட் ஃபிளாஞ்ச், கிராஸ் மெம்பர் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சு வைத்து மறுபடி முடுக்குங்கள். புது ஸ்பிரிங் படிந்த பிறகு யூ போல்ட் நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.