பாறை ஆற்றில் பாஸ் பிடிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவருக்கு முதல் முறை வருகிறவர்கள் பெரும்பாலும் நுரைத்து ஓடும் வெள்ளைத் தண்ணீருக்கு நடுவில்தான் லூரை, அதாவது போலி இரையை, வீசுகிறார்கள், நாள் முழுக்க ஒன்றும் கடிக்காது. ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீன் பாறைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கிய இடத்தில் ஒதுங்கியிருந்து, பக்கத்து வேக ஓட்டம் அடித்துக்கொண்டு வரும் இரையின் மேல் பாயும். அதனால் தூண்டிலை எடுக்கும் முன் கரையில் பத்து நிமிடம் நின்று மிதந்து வரும் இலைகளைப் பாருங்கள். வேகமாக வந்த இலை எந்தப் பாறையைத் தாண்டியதும் தயங்கிச் சுழல்கிறதோ, அந்த விளிம்புதான் உங்கள் இடம்.

சாமான் அதிகம் வேண்டாம். ஆறரை அல்லது ஏழு அடி மீடியம் ஸ்பின்னிங் ராட், நரம்பைச் சுற்றும் 2500 அளவு ரீல், 8 பவுண்ட் தாங்கும் தூண்டில் நரம்பு, கால் அவுன்ஸும் அதற்குக் குறைவுமான எடையில் சில ட்யூப் ஜிக்குகள், அதாவது எடை வைத்த முள்ளில் மாட்டிய குழாய் வடிவ மென்மையான லூர்கள். கூடவே தண்ணீரில் விட்டுப் பார்க்கக் கயிறு கட்டிய ஒரு தெர்மாமீட்டர், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 15 வயது ஆகிவிட்டால் மாநில மீன்பிடி உரிமம் வேண்டும். சில பகுதிகளில் பிடித்த பாஸை உடனே ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பதால் விதிகளை முன்னாலேயே படித்துவிடுங்கள்.

அப்புறம், ஆற்றின் மேல்பக்கம் ஹின்டன் ஊரில் புளூஸ்டோன் அணை இருக்கிறது. அங்கே தண்ணீர் திறந்தால் நீங்கள் நிற்கும் இடத்தில் மழையே இல்லாமல் ஆறு ஏறும். கிளம்பும் முன் ஆற்றின் அளவைப் பாருங்கள், லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள்.

சரி, இனி வீச்சு. பாறைக்குக் கீழ்ப்பக்கம் நின்று, ஓட்டத்துக்கு எதிராகச் சாய்வாக, பாறையைத் தாண்டி விழும்படி வீசுங்கள். ராட் நுனியை உயர்த்திப் பிடித்துத் தொய்வை மட்டும் சுற்றுங்கள், ஜிக்கை இழுத்து வர வேண்டிய வேலை தண்ணீருடையது. அடிக்கல்லில் தட்டித் தட்டி வருவது கையில் தெரியும். இந்த மீன் விரும்பித் தின்னும் கிரேஃபிஷ், அதாவது குட்டிச் சிங்கி இறால் மாதிரி இருப்பது, கற்களுக்கிடையே அப்படித்தான் நகரும். தட்டுவது திடீரென நின்றாலோ நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே சுண்டி இழுங்கள். பாறையில் மாட்டிக்கொண்டால் பலம் போடாமல் நரம்பைத் தளர்த்தி, மேல்பக்கம் நடந்துபோய் எதிர்த்திசையில் இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

பழகுவதற்குக் கோடைதான் நல்ல காலம். விடியற்காலையில் ஆழம் குறைந்த இடங்களில் மேலே மிதக்கும் லூரைப் போடுங்கள், வெயில் ஏறியதும் சலசலத்து ஓடும் இடங்களில் பாறை நிழலுள்ள குழிகளுக்கு மாறுங்கள், அங்கே நீரில் பிராணவாயு அதிகம்.

இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிரக் குளிர மீன் குளிர்காலத்துக்காகத் தின்று தேறும். சிறு மீன் வடிவ கிராங்க்பெய்ட் அப்போது நன்றாக எடுக்கும், ஆனால் முள்ளில் இலை மாட்டிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு வீச்சுக்கும் பார்க்கத்தான் வேண்டும்.

குளிர்காலத்தில் தெர்மாமீட்டர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது 10 செல்சியஸுக்குக் கீழே காட்டினால், மீன்கள் ஓட்டமில்லாத ஆழமான கசங்களில் கூடியிருக்கும், இரைக்காகத் தூரம் போகாது. ஜிக்கைத் தரையில் கிடத்தி, எண்ணிப் பத்து வரை சும்மா விட்டு, ஒரு சாண் நகர்த்துங்கள். புதியவர்கள் அந்தக் குளிரில் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது, கரையிலிருந்து போட்டால் போதும்.

வசந்தத்தில் 50 தாண்டியதும் அவை கசத்தைவிட்டு ஓரங்களுக்கு வரத் தொடங்கும், அந்த சில வாரங்கள் அருமையானவை. 60 டிகிரியை, சுமார் 15 செல்சியஸை, நெருங்கும்போது ஆண் மீன் வாலால் சரளைக் கல்லை விசிறி வட்டமாகக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போன பிறகு காவலுக்கு நிற்பதும் அதுதான். எது அருகில் வந்தாலும் கடிக்கும் என்பதால் அதைப் பிடிப்பது மிக எளிது, ஆனால் அதை மேலே தூக்கிய நேரத்துக்குள் சின்ன மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். ஓரத்தில் தட்டு போல வெளுத்த வட்டமும் அதன் மேல் அசையாமல் ஒரு மீனும் தெரிந்தால், கூட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு அடுத்த பாறைக்குப் போங்கள்.