ஒரே குழுவுக்குள் சண்டை மூண்டால்: கேம் மாஸ்டருக்குச் சில வழிகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) நடக்கும். ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் இது; கதையை நடத்துகிறவர்தான் கேம் மாஸ்டர். விதிகள் ஐந்தாம் பதிப்பு, களம் மட்டும் நம்முடையது: அரிக்கமேட்டில் யவனக் கப்பல் வந்த காலம், மணி செய்யும் பட்டறைகள், மது ஜாடிகள் இறங்கும் துறை. இப்படி ஒரு துறைமுகத்தில் கேரக்டர்களுக்குள் சண்டை வராமல் இருக்காது. வரட்டும், அதில்தான் நல்ல காட்சிகள் பிறக்கின்றன. ஆடுகிறவர்களுக்குள் மனஸ்தாபம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் கேம் மாஸ்டரின் வேலை.

அந்த வேலை செஷன் ஜீரோவிலேயே, அதாவது ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கூடிப் பேசும் நாளிலேயே தொடங்குகிறது. கேரக்டர் எழுத உட்காரும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். “நமக்குள்ளே சண்டை போடலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆளுக்கொன்றை மனதில் வைத்துக்கொண்டு. பிரித்துக் கேளுங்கள். பொய் சொல்லலாமா? திருடலாமா? அடிக்கலாமா? கொல்லலாமா? எங்கள் மாடியில் முதல் இரண்டும் சரி, அடிப்பதைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், கொலை கிடையாது. கூடவே, ஒவ்வொரு கேரக்டரும் குழுவில் இன்னொருவருக்குக் கடன்பட்டோ உறவாகவோ இருக்கும்படி எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் சண்டைக்குப் பிறகும் அவர்கள் ஒன்றாகப் பயணம் போக ஒரு காரணம் இருக்கும்.

எங்கள் ஆட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தோணிக்காரன் கேரக்டரை ஆடும் தம்பி, “அக்கா, பட்டறைக்காரி மடியிலிருந்து சூதுபவள மணியை எடுக்கிறேன், உருட்டவா?” என்று பகடையைக் கையில் எடுத்துவிட்டான். விதிப்படி அவனுடைய ஸ்லைட் ஆஃப் ஹேண்டுக்கும் (கைத்திறன்) அவளுடைய பெர்செப்ஷனுக்கும் (கவனிக்கும் திறன்) பகடை உருட்ட வேண்டும், யார் எண் பெரிதோ அவருக்கு வெற்றி. நான் பகடையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, பட்டறைக்காரியை ஆடுகிற பெண்ணைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “எடுக்கட்டும் அக்கா. ஆனா நாளைக்கு யவன வணிகன் முன்னாடி முடிச்சை அவிழ்க்கும்போதுதான் எனக்குத் தெரியணும்” என்றாள். அடுத்த வாரம் முழுக்க அந்தத் துறைமுகக் காட்சிதான் ஓடியது. பகடை உருண்டிருந்தால் கிடைத்தது, கிடைக்கவில்லை என்பதோடு முடிந்திருக்கும்.

நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இதுதான்: செயல் யார் மேல் விழுகிறதோ, விளைவை அவர் சொல்வார். அவர் வேண்டாம் என்றால் அது நடக்காது. அப்போது எடுக்கப் போனவனுக்கும் ஒரு வழி விட வேண்டும். “கை நீட்டினாய், அவள் வளையல் சத்தம் கேட்டது, இழுத்துக்கொண்டாய்” என்று சொல்லிக் கதையை நகர்த்துங்கள். பேசி மனதை மாற்றும் பெர்சுவேஷனும் அப்படியே. சக ஆட்டக்காரரின் கேரக்டர் மனம் மாறுமா என்பதை அவரே சொல்லட்டும்.

இருவருமே உருட்ட ஆசைப்பட்டால் உருட்டலாம். அதற்கு முன் ஜெயித்தவருக்கு என்ன, தோற்றவருக்கு என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்று முடிவு செய்யும் பகடை) போட்டு முழுச் சண்டைக்கு மட்டும் போகாதீர்கள், ஐந்தாம் பதிப்பின் கணக்கு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஃபயர்பால் மந்திரத்தின் சேதத்துக்கு ஆறு முகப் பகடை எட்டு, சராசரி 28. ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) பெரும்பாலும் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். முதலில் வாய் திறந்தவர் ஜெயிப்பார், மற்றவர் புது கேரக்டர் எழுத உட்கார வேண்டியதுதான்.

“என் கேரக்டர் அப்படித்தான், நான் என்ன செய்ய?” என்று யாராவது சொல்வார்கள். கோபப்படாதீர்கள். “அவன் இன்றைக்கு மட்டும் அதைச் செய்யாமல் விட ஒரு காரணம் சொல்லு” என்று கேளுங்கள். எழுதியவர் அவர்தானே, காரணம் கிடைத்துவிடும்.

கேரக்டர் பெயர் போய் “நீ எப்பவும் இப்படித்தான்” என்று பேச்சு மாறினாலோ, ஒருவர் சட்டென்று மொபைலுக்குள் தலையை விட்டாலோ, அது ஆள் மேல் உள்ள கோபம். ஆட்டத்தை நிறுத்தி டீ போடுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டை (X எழுதிய ஒரு அட்டை) மேஜை நடுவில் வைத்திருந்தால் யாரும் அதைத் தொட்டுக் காட்சியை நிறுத்தலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மீதியைத் தனியாகப் பேசுங்கள். மாலையில் வண்டி விடாத கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் நடந்துகொண்டே பேசினால் இருவருமே மனம் திறப்பார்கள். அந்தக் கோபத்துக்காகக் கதைக்குள் ஒருவர் தலையில் டிராகனை இறக்கித் தண்டிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதுகில் குத்துவதுதான் வேண்டும் என்று மொத்தக் குழுவும் கேட்டால், மாதக்கணக்கில் வளர்த்த கேரக்டர்களை அதற்குப் பலி கொடுக்காதீர்கள். அதற்கென்றே வேறு ஆட்டங்கள் உண்டு. 1984-இல் வந்த பாரனாயா என்ற ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஆறு குளோன்கள், செத்தால் அடுத்தது வரும். 2009-இல் வந்த ஃபியாஸ்கோ என்ற ஆட்டத்துக்கு கேம் மாஸ்டரே வேண்டாம். மூன்று முதல் ஐந்து பேர், இரண்டு நிறத்தில் ஆறு முகப் பகடைகள், ஒரு மாலை நேரம் இருந்தால் போதும்.