பழைய ரிவால்வருக்குப் புதுப் பிடி: எங்கே தவறு நேர்கிறது?

பழைய ரிவால்வருக்குக் கையாலேயே புது மரப்பிடி பொருத்துகிறவர்கள் பிடியைக் கெடுப்பதைவிடத் துப்பாக்கியைக் கெடுப்பதுதான் வருத்தம். மரம் போனால் வேறு மரம் கிடைக்கும். இரும்பில் கீறல் விழுந்தால் விழுந்ததுதான். அமெரிக்காவில் இன்றும் பலரிடம் இருக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10-ஐ வைத்துச் சொல்கிறேன். 1899-ல் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்று வந்து, 1957-ல் இந்த எண்ணைப் பெற்ற ரிவால்வர் அது.

வேலையைத் தொடங்கும் முன் சிலிண்டரை, அதாவது தோட்டா போடும் சுழல் உருளையைத் திறந்து ஆறு அறைகளும் காலியா என்று கண்ணால் பாருங்கள். தோட்டாக்கள் அந்த மேஜைப் பக்கமே வரக்கூடாது.

பழைய பிடியின் இரண்டு பக்கப் பலகைகளும் இறுகிப்போயிருக்கும். உடனே கத்தி முனையை இடுக்கில் விட்டு நெம்புவார்கள். மர விளிம்பும் பெயரும், இரும்பும் கீறும். ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் லேசாகத் தட்டுங்கள். எதிர்ப்பக்கப் பலகை தானாக எழும்பி வரும். ஸ்க்ரூடிரைவரின் முனை பிளவில் சரியாக உட்கார வேண்டும். ஆடினால் ஸ்க்ரூ தலை சிதையும். கழற்றிய பிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் வலது பலகையின் உட்புறம் அதே சீரியல் எண் இருக்கும். சேகரிப்பாளர்கள் அதற்குத் தனி விலை கொடுப்பார்கள்.

பெரிய தவறு, கண் மதிப்பில் மரத்தைச் சீவுவது. புதுப் பலகை உட்காரவில்லை என்றால் எங்கோ ஒரு மேடு தடுக்கிறது என்று அர்த்தம். அது எங்கே என்று தெரியாமல் அரம் போட்டால் தேவையில்லாத இடம் குழிந்து, நிரந்தர இடைவெளி விழும். பலகைகள் உட்காரும் இரும்புச் சட்டத்தின் விளிம்பில் விளக்குக் கரியை மெல்லிசாகத் தடவி, பலகையை நேராக அழுத்தி எடுங்கள். கரி ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் சுரண்டுங்கள், மறுபடி அழுத்திப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் குறுக்கு வழி இல்லை. சட்டத்தின் அடிப்பக்கம் ஒரு சிறு முளை இருக்கும். பலகையின் துளை அதில் சரியாக இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். பலகை இடைஞ்சலாக இருக்கிறதே என்று அந்த முளையையே அராவுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது உப்புத்தாள். பலகையைத் துப்பாக்கியில் மாட்டியபடியே தேய்த்தால் இரும்பின் நீலப் பூச்சு நொடியில் போய்விடும், திரும்ப வராது. சட்டத்தின் மேல் டேப் ஒட்டினாலும் தாள் அதைக் கிழித்துவிடும். மரம் ஒரு மயிரிழை துருத்தி நிற்கும்வரை வந்ததும் கழற்றிவிட்டு, மிச்சத்தைத் தனியாகத் தேய்ப்பதே நல்லது. அப்புறம் உட்புறத்துக்கும் எண்ணெய் பூசி நன்றாகக் காயவிடுங்கள். வெளியே மட்டும் பூசினால் ஈரம் உள்வழியாக ஏறி மரம் கோணும்.

பலகை சரியாக உட்காராததை ஸ்க்ரூவை முறுக்கிச் சரிசெய்யப் பார்த்தால் வால்நட் பலகை நடுவில் விரிசல் விடும். கை இறுக்கம் போதும்.

கடைசியாக, சிலிண்டரைத் திறந்து காலித் தோட்டாக் கூடுகளைப் போட்டுத் தள்ளிப் பாருங்கள். இடது பலகை தடிமனாக இருந்தால் கூடு அதில் முட்டி நிற்கும். அந்த மேல் விளிம்பைக் கொஞ்சம் சரித்துச் சீவினால் சரியாகிவிடும்.