உங்கள் பாட்டுக்கும் பட்ஜெட்டுக்கும் ஏற்ற இயர்பட்ஸ்: டவுன்ஹால் ரோட்டுக்குப் போகும் முன்பு

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஏதாவது ஒரு செல்போன் கடையில் போய் "நல்ல இயர்பட்ஸ் காட்டுங்க" என்றால், "எம்புட்டுக்குள்ள பாக்குறீங்கண்ணே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடைக்காரருக்கு அந்தக் கேள்வி போதும். வாங்குகிற நமக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: நாம் என்ன பாட்டு கேட்கிறோம்? ஒரே விலையில் இருக்கும் இரண்டு இயர்பட்ஸில் ஒன்று கச்சேரிக்குப் பொருந்தும், இன்னொன்று குத்துப்பாட்டுக்குப் பொருந்தும். முதன்முறையாக வாங்குபவர்கள் எந்த வரிசையில் யோசிக்கலாம் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: ஐந்து பாட்டுகளை எடுத்து வையுங்கள்

மனப்பாடமாகத் தெரிந்த ஐந்து பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் போனில் இறக்கி வையுங்கள். கடைக்குள் சிக்னல் கிடைக்காவிட்டால் பாட்டின் தரம் குறைந்துவிடும். அதை வைத்து இயர்பட்ஸை எடைபோட முடியாது. ஐந்தும் நீங்கள் நிஜமாகவே தினமும் கேட்கிற பாட்டுகளாக இருக்கட்டும். கடையில் போட்டுக் காட்டும் டெமோ பாட்டு எல்லா இயர்பட்ஸிலும் நன்றாகத்தான் கேட்கும், அதற்கென்று பொறுக்கி எடுத்தது அது.

இனி, எந்த இசைக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம். இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

பழைய சினிமாப் பாட்டுகள்தான் உங்கள் உலகம் என்றால் குரல்தான் முக்கியம். மதுரையில் 1922-ல் பிறந்த டி.எம்.சௌந்தரராஜன் குரலையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கனமும் கம்பீரமும் நடு ஸ்தாயியில் இருக்கின்றன. அறுபதுகளின் பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. இடது காதிலும் வலது காதிலும் ஒரே ஒலிதான் வரும். "சரவுண்ட்", "ஸ்பேஷியல்" என்று பெட்டியில் போட்டிருக்கும் வசதிகளுக்குக் காசு கொடுத்தால் இந்தப் பாட்டுகளுக்கு அதில் லாபம் எதுவும் இல்லை. பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, ஏற்றிவிட்ட இயர்பட்ஸ் என்றால் அது குரல் மேல் போர்வை போட்டு மூடிவிடும். இன்னும் பழைய இசைத்தட்டுப் பதிவுகள், உதாரணமாக எம்.எஸ்.சுப்புலட்சுமியின் ஆரம்பகாலப் பாட்டுகள் பிடிக்கும் என்றால், டிரெபிள், அதாவது உச்ச ஒலிகள், கூர்மையாக உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். தட்டின் இரைச்சலைத்தான் அது முதலில் எடுத்துக் கொடுக்கும்.

கச்சேரி கேட்பவர்களுக்கு இரண்டு சோதனைகள் போதும். தம்புராவின் நாதம் பாட்டு முழுக்கப் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பது தெரிகிறதா? மிருதங்கத்தில் தொப்பியின் (இடது பக்கம்) கும்கி என்ற இழையும் முழக்கமும் வலந்தலையின் (வலது பக்கம்) சொற்களும் தனித்தனியாக விழுகின்றனவா? தொப்பி மட்டும் பெரிதாக முழங்கி வலந்தலை மங்கினால் அது பேஸ் அதிகமான இயர்பட்ஸ். மதுரை சோமுவைப் போல உணர்ச்சி கொப்பளிக்கும் குரலில், உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது ஒலி கரகரக்கிறதா என்றும் பாருங்கள்.

நாதஸ்வரம், தவில், நையாண்டி மேளம் என்றால் சோதனை இன்னும் கடுமையானது. நம் காது மிக நுட்பமாக உணர்வது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை. நாதஸ்வரத்தின் கூர்மையும் அந்தப் பகுதியில்தான் நிற்கிறது. அங்கே செயற்கையாக ஒலியை ஏற்றி வைத்திருக்கும் இயர்பட்ஸில், பத்து நிமிடம் மல்லாரி என்ற நாதஸ்வர இசை கேட்டாலே காது வலிக்கும். தவிலில் ஒரு பக்கம் குச்சி, மறு பக்கம் விரல் கூடு. இரண்டின் சத்தமும் வேறு வேறாகக் கேட்க வேண்டும். உறுமியின் இழுப்பு கேட்கும்போது அதன் அடி ஒலி தொடர்ந்து நீள வேண்டும், நடுவில் அறுந்து போகக்கூடாது.

எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு ராகம் பாடிக்கொண்டே போகும். அந்தக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. மலிவான இயர்பட்ஸில் அந்தப் பகுதி "தும் தும்" என்று ஒரே சத்தமாகிவிடும். ஒவ்வொரு ஸ்வரமும் மாறுவது கேட்காது. இன்றைய பாட்டுகளுக்கும் கானாவுக்கும் பேஸ் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் சந்தோஷம்தான். அதற்காகப் பாடகரின் குரல் பின்னால் போய்விடக்கூடாது.

படி 2: எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள்?

மாட்டுத்தாவணியிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் டவுன்பஸ்ஸில் தினமும் கேட்பவருக்கும், மாசி வீதியில் கடை வைத்து வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டே கேட்பவருக்கும் ஒரே பொருள் ஒத்து வராது. பஸ் எஞ்சின், மின்விசிறி, ஏசி போன்ற ஒரே சீரான இரைச்சலை ஏஎன்சி (வெளி இரைச்சலைக் குறைக்கும் வசதி) நன்றாகக் குறைக்கும். பக்கத்து சீட்டுப் பேச்சையும் ஹாரனையும் அது அவ்வளவாகக் குறைக்காது. கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு ரப்பர் இல்லாத, காதின் வாயில் மட்டும் நிற்கும் வகையே வசதி. பேஸ் கொஞ்சம் குறையும், ஆனால் யாராவது கூப்பிட்டால் கேட்கும்.

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்கள், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுபவர்கள் ஐபிஎக்ஸ்4 (நீரைத் தாங்கும் திறனைச் சொல்லும் எண்) அல்லது அதற்கு மேல் உள்ளதை வாங்குங்கள். நம்மூர் வியர்வைக்கு அது அவசியம். அந்த எண் பெரும்பாலும் காதில் போடும் துண்டுகளுக்கு மட்டும்தான், சார்ஜ் செய்யும் டப்பாவுக்கு இல்லை. ஈரத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். அப்புறம், வண்டி ஓட்டும்போது காதில் எதுவும் வேண்டாம். கோரிப்பாளையம் சிக்னலில் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் உங்களுக்குக் கேட்டே ஆக வேண்டும்.

படி 3: ஒயரா, புளூடூத்தா?

என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பட்ஜெட் ஆயிரம் ரூபாய்க்குள் என்றால், பாட்டுதான் முக்கியம் என்றால், ஒயர் உள்ளதை வாங்குங்கள். புளூடூத் இயர்பட்ஸின் விலைக்குள் பேட்டரி, சிப், மைக், டப்பா எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஒலிக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒயரில் கிட்டத்தட்ட முழுப் பணமும் ஒலிக்கே போகிறது. உங்கள் போனில் 3.5 மி.மீ. துளை இல்லாவிட்டால் டைப்-சி முனை உள்ள இயர்போனையோ, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மாற்று இணைப்பானையோ வாங்கலாம். கீபோர்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒயர் தவிர வேறு வழியே இல்லை. புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், விரல் ஒரு பக்கமும் ஸ்வரம் ஒரு பக்கமுமாகப் போகும்.

புளூடூத்தான் வேண்டும் என்றால், விலையைத் தோராயமாக இப்படிப் பிரித்துப் பாருங்கள். 1,000 முதல் 2,000 வரை: போன் பேச, யூடியூப் பார்க்க, பாட்டு கேட்கப் போதுமானது. இந்த விலையில் பேஸ் தூக்கலாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். 2,000 முதல் 4,000 வரை: உருப்படியான ஏஎன்சியும், ஈக்வலைசர் (பேஸ், டிரெபிளை ஏற்றி இறக்கும் வசதி) உள்ள செயலியும் கிடைக்கத் தொடங்கும் இடம். அந்தச் செயலி இருந்தால் பேஸை நீங்களே இறக்கிக் கச்சேரிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். ஆரம்பநிலையினர் பலருக்கும் நான் சொல்வது இந்த வரம்பைத்தான். அதற்கு மேலே ஒலி நுட்பமாகிக்கொண்டே போகும், ஆனால் விலை ஏறும் வேகத்தில் அது ஏறாது.

படி 4: பெட்டியைப் படிப்பது

"13 மி.மீ. டிரைவர்" என்பது உள்ளே ஒலி எழுப்பும் பாகத்தின் அளவு மட்டுமே. சின்ன டிரைவர் நன்றாகப் பாடுவதும் பெரியது சொதப்புவதும் சகஜம். "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கும். மனிதக் காதின் வரம்பே அதுதான். அந்த வரம்புக்குள் ஒலி எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைப் பெட்டி சொல்லாது. "40 மணி நேரம்" என்றால் டப்பாவில் உள்ள சார்ஜையும் சேர்த்து. ஒரு தடவை காதில் போட்டால் எத்தனை மணி நேரம், ஏஎன்சி போட்டால் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள்.

ஈஎன்சி, ஏஎன்சி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈஎன்சி உங்கள் மைக்கில் புகும் இரைச்சலைக் குறைக்கும். அதனால் போனில் எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் நன்மை. பஸ் சத்தம் உங்கள் காதுக்குக் குறைய வேண்டுமென்றால் ஏஎன்சி என்றே போட்டிருக்க வேண்டும்.

எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் என்பவை போனிலிருந்து காதுக்கு ஒலியை அனுப்பும் முறைகள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு எல்டாக் வேலை செய்யாது, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் யூடியூப் மட்டுமே கேட்பவருக்கும் அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது.

படி 5: ரப்பர் டிப்

எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பெட்டியில் வரும் சின்னது, நடுத்தரம், பெரியது என்ற மூன்று ஜோடி ரப்பர்களில் நடுத்தரம்தான் மாட்டி வரும். நிறையப் பேர் மற்ற இரண்டையும் தொட்டே பார்ப்பதில்லை. காதுத் துவாரம் சரியாக அடைபடாவிட்டால் பேஸ் வெளியே கசிந்துவிடும், குரல் மெலிந்து தகரம் போல் கேட்கும். ஐயாயிரம் ரூபாய் இயர்பட்ஸும் அப்போது ஐந்நூறு ரூபாய் சத்தம்தான் போடும்.

மூன்றையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். உள்ளே வைத்து மெதுவாகத் திருகுங்கள். உங்கள் குரலே உள்ளுக்குள் முழங்குவது போலக் கேட்டால் நன்றாக அடைந்திருக்கிறது. வாயைத் திறந்து மூடுங்கள், தலையை ஆட்டுங்கள். கழன்று விழக்கூடாது, வலிக்கவும் கூடாது. இரண்டு காதுக்கும் வெவ்வேறு அளவு பொருந்தினால் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள், பலருக்கும் காதுகள் ஒரே அளவில் இருப்பதில்லை.

சரியாக அடைபட்டால் வெளிச்சத்தம் குறையும், அதனால் வால்யூமைக் குறைத்து வைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பஸ் சத்தத்தை மீறுவதற்காக முழு வால்யூமில் வைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். போன கேள்வித்திறன் திரும்ப வராது.

படி 6: கடையில் காதில் போட்டுப் பார்ப்பது

பல சின்னக் கடைகளில் பெட்டியைப் பிரிக்க விடமாட்டார்கள். பெரிய ஷோரூம்களில் டெமோ பீஸ் இருந்தால் கேளுங்கள், ரப்பரைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் உங்களைப் போலவே பாட்டு கேட்கிற நண்பரிடம் வாங்கி அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் படிக்கும் விமர்சனங்களைவிட அந்த அரை மணி நேரம் உதவும்.

ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் ஒன்றாக வையுங்கள். சத்தம் அதிகமாக உள்ளது எதுவானாலும் நம் காதுக்கு நல்லதாகத்தான் தோன்றும். முதலில் குரல், பிறகு பேஸ், கடைசியாகக் கூர்மை என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். முதல் நிமிடத்தில் "ஆஹா" என்று தோன்றுவது பல சமயம் ஏற்றிவிட்ட பேஸும் டிரெபிளும்தான். மூன்றாவது பாட்டிலும் காது சோர்ந்து போகவில்லையா என்பதே என் அளவுகோல்.

படி 7: பில்லும் பராமரிப்பும்

ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி எத்தனை மாதம், சர்வீஸ் மதுரையிலேயே கிடைக்குமா, கூரியரில் அனுப்ப வேண்டுமா என்று விசாரியுங்கள். பெரிய கம்பெனிப் பெயர் போட்டு நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் அது போலியாகத்தான் இருக்கும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், பிரித்த பிறகு பணம் திரும்பக் கிடைக்குமா, மாற்றுப் பொருள் மட்டும்தானா என்பதை முன்பே படித்துவிடுங்கள்.

இயர்பட்ஸுக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. சித்திரை வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டிலோ வண்டியின் சீட்டுக்கு அடியிலோ விட்டுவிடாதீர்கள், சூடு அதன் ஆயுளைத் தின்றுவிடும். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் உடனே சர்வீஸுக்கு ஓட வேண்டாம். ரப்பரைக் கழற்றி உள்ளே உள்ள சின்ன வலையைப் பாருங்கள், பெரும்பாலும் காதுக் குறும்பிதான் அடைத்திருக்கும். இயர்பட்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த மென்மையான பல்துலக்கியால் லேசாகத் துடையுங்கள். தண்ணீரோ ஊக்கோ வேண்டாம். ரப்பரை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அதன் பிறகும் சத்தம் வரவில்லையென்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.